மணிக்கயிற்றின் கீழ்முனையில்

வரிசையில் அவருக்குப் பின்னால் மட்டும் நிற்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெய்க் கடையோ, மருந்துக் கடையோ, குடிதண்ணீர் வண்டியோ, எங்கே நின்றாலும் புதிதாக வந்து சேர்கிறவர்களை எல்லாம் தனக்கு முன்னால் விட்டுக்கொண்டே இருப்பார். கைக்குழந்தைக்காரி வந்தால் "நீங்க போங்க". கூடைக்காரி வந்தால் "நீங்க போங்க". சும்மா அவசரப்படுகிற ஆளாக இருந்தாலும் அதே வார்த்தைதான். பின்னால் நிற்கிற என் இடத்தையும் சேர்த்துத்தானே தானம் பண்ணுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "நம்ம வீட்டு ஆளாச்சே, நாம நிக்கலாம் தமீ" என்பார். தமீ என்றால் பர்மிய மொழியில் மகள்.

அவர் பர்மாக்காரர். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பின்புறத் தெருவில், மூன்றாவது மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அவருடையது. நான் அவரை ஊலே என்று கூப்பிடுவேன், மாமா என்கிற மாதிரி. அவர் மனைவி நம் தமிழ்ப் பெண், கியாக்தான் பக்கத்துக் கிராமம். அவரை அத்தை என்பேன். என் வீட்டுக்காரர் வேலைக்கு மலேசியா போன பிறகு, எனக்கு ரங்கூனில் சொந்தம் என்று இருந்தது அந்த எதிர்க்கதவுதான். ஊலேயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்படாமலே இருந்தது. அதைப் பற்றித்தான் இத்தனையும்.

கணவன் பெயரை மனைவி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அத்தையை வளர்த்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பர்மாக்காரரைக் கட்டிக்கொண்ட பிறகும் அத்தை அதை விடவில்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் "இங்க பாருங்க". கொஞ்சம் அவசரமென்றால் கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு. அவர் பெயரில் இருக்கும் ஒரு சொல் ரங்கூனில் பாதிக் கடைப் பலகைகளில் இருக்கும். அத்தை அந்தச் சொல்லையும் வாயில் வைக்க மாட்டார். அதே சொல்லில் தொடங்குகிற, ஊருக்கே அடையாளமான பகோடாவைக்கூட "மேட்டுக் கோயில்" என்றுதான் சொல்வார். வார்டு அலுவலகத்தில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்கிற யாரையாவது முழங்கையால் இடித்து, "சொல்லேன்" என்பார்.

பர்மியப் பெண்கள் கணவனைப் பெயருக்கு முன்னால் 'கோ' என்கிற மரியாதைச் சொல்லைச் சேர்த்து வாய் நிறையக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த மனுஷன் இவர். கல்யாணமான புதிதில், "ஒரே ஒரு தடவை சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறார். அத்தை அவர் வாயைப் பொத்தி, "உங்களுக்கு ஆயுசு வேணாமா?" என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தண்ணீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறக்கிற காலையில் அவர் கேட்பார், "இந்த வருஷமாவது?" அத்தை ஒரு குவளைத் தண்ணீரை அவர் முகத்தில் வீசுவார். சட்டை நனைந்துபோய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சிரிப்பார். நான் பார்க்கவே பல வருஷம் நனைந்திருக்கிறார்.

ஆனால் அத்தை ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னவர்தான். அதை அவர் சொல்லியே கேட்டிருக்கிறேன், வெட்கமும் சிரிப்புமாக.

அப்போது ஆற்றின் மேல் பாலம் வரவில்லை. கியாக்தான் பக்கமிருந்து வருகிற பஸ், சிரியம் படகுத்துறையோடு நின்றுவிடும். அங்கேயிருந்து படகில் ரங்கூன். பஸ் தாமதமானால் படகு போய்விடும். அந்தப் பஸ்ஸை ஓட்டினவர் ஊலே. அத்தை கீரைக் கூடையும் முருங்கைக் கட்டுமாக வயல் வரப்பில் ஓடி வருவார், எப்போதும் கடைசி ஆளாக. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி "ஸ்வே, ஸ்வே" என்று கத்துவான். எடு, கிளம்பு என்று அர்த்தம். ஓட்டுநரோ துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். உள்ளே இருக்கிறவர்கள் படகு போய்விடும் என்று திட்டுவார்கள். "கண்ணாடியில தூசு, எப்படி ஓட்டறது?" என்பாராம். மழையில் கழுவின கண்ணாடியில் என்ன தூசு? அத்தை தூரத்திலிருந்தே 'கோ' போட்டு, எல்லாப் பயணிகளும் கூப்பிடுகிற மாதிரி அவர் பெயரைச் சொல்லி, "கொஞ்சம் நில்லுங்க, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு வருவார். அந்தக் குரல் வயலைத் தாண்டி வந்து சேரும்வரை அவர் துடைத்துக்கொண்டிருப்பார்.

கல்யாணம் பேசி முடித்த அன்றோடு அத்தை பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். "பொண்டாட்டி கெடைச்சா, பேரு போச்சு" என்று ஊலே எல்லாரிடமும் புகார் சொல்வார்.

அத்தைக்கு மறதி வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். முதலில் காலிச் சட்டியை அடுப்பில் வைத்தார். பிறகு கீரை வாங்கப் போய், எங்கள் தெருவின் முனையிலேயே நின்று யாரோ கூட்டிவரும்படி ஆயிற்று. அதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம் போலத்தான் இருந்தது. பெரிய அடி எங்கே விழுந்தது என்றால், அத்தையின் பர்மிய மொழி போக ஆரம்பித்தது. அவர்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்தியது அந்த மொழியில்தான். ஊலேக்குத் தமிழில் "போதும்", "நல்லா இருக்கா", கோயிலில் கேட்ட நாலைந்து வார்த்தை, அவ்வளவுதான். அத்தையிடம் கடைசியில் தமிழ் மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் காலையில் ஊலே வழக்கம்போல் தனகா கட்டையை அரைத்து, அந்தச் சந்தன நிறக் குழம்பை அத்தையின் கன்னத்தில் பூசிக்கொண்டே ஏதோ சொன்னார். அத்தை என் பக்கம் திரும்பி, "இந்த ஆளு என்னாடி சொல்றாரு?" என்றார். ஊலே என்னிடம், "என்ன சொன்னா தமீ?" என்று கேட்டார். "குளுகுளுன்னு இருக்காம்" என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் தமிழ் படித்தார். எனக்குப் பொறுமை போதாது, அவருக்கு அது வண்டி வண்டியாக இருந்தது. நான் அத்தையிடம் பேசுகிறதைக் கேட்டுக் கேட்டே பழகியதால், "வாங்க, சாப்பிடுங்க, படுங்க" என்றே பேச வந்தது. "கட்டின பொண்டாட்டியை யாராச்சும் வாங்க போங்கன்னு கூப்பிடுவாங்களா ஊலே?" என்று சிரித்தேன். அவர் யோசித்துவிட்டு, "நான் யாருன்னு அவளுக்குச் சந்தேகம் இருந்தா, மரியாதை இருக்கறது நல்லதுதானே" என்றார். அதற்கு மேல் நான் திருத்தவில்லை.

கோயிலை ஒட்டி ஓர் இலவச மருத்துவ அறை இருக்கிறது. நான் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பேன், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பேன். அங்கே வந்த டாக்டர் ஒரு சின்னப் பெண், பர்மாக்காரி. எங்கள் ஊரில் டீச்சரையும் லேடி டாக்டரையும் ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம். மறதி வந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த ஸயாமாவுக்கு ஒரே துடிப்பு. அத்தையைக் கூட்டிப்போனோம். கேள்விகளை அவர் கேட்க, நான் தமிழில் சொன்னேன். எந்த ஊர் என்றதற்கு "கியாக்தான்" என்றார் அத்தை. என்ன மாதம் என்றதற்குச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு துண்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டார். ஸயாமா காத்திருந்தார். இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். தலை இன்னும் குனிந்தது. ஸயாமா ஒரு கோடு போட்டுவிட்டு, ஊலேயின் கையைத் தொட்டு, "கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்படி இல்ல ஸயாமா" என்றேன் நான். "எங்க ஆளுங்க வழக்கம். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க."

பேனா நின்றது. "அப்படின்னா இவங்களுக்குத் தெரியுதா, தெரியலையா?"

எனக்கு என்ன தெரியும்? அத்தை துண்டை எடுக்கவேயில்லை. ஊலே அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு மாடிப்படியில் அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டே அவர் அதையே கேட்டார், "மறந்துட்டாளா தமீ, இல்ல சொல்லாம இருக்காளா?" இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றோம். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார், "சொல்லாத வரைக்கும் நான் அவ புருஷன்தான்." அந்த வருஷப் புத்தாண்டுக் காலையில் அவர் கேட்கவில்லை. சட்டை காய்ந்தே இருந்தது. வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்டுவிடுவோமோ என்று ஒரு மனுஷன் பயந்துபோனதை நான் எதிர்க்கதவிலிருந்து பார்த்தேன்.

ஸயாமா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தார். முதலில் அவர் படித்துவந்த முறைப்படிதான் நடந்தது. வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் வரிசையாக, "நல்லா இருக்கோம் ஸயாமா", "ஒண்ணும் கொறையில்ல ஸயாமா" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார்கள். ஒரே கோயிலில் கும்பிடுகிற நாலு பேருக்கு முன்னால், மாமியார் தன்னைக் கடித்துவிட்டாள் என்று எந்த மருமகள் சொல்லுவாள்? வேறு யாரிடமாவது விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்றால், பெற்றவளை ஊரார் தலையில் கட்டிவிட்டாள் என்கிற பேச்சை யார் வாங்கிக்கொள்வது? எனக்கு ஸயாமா மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "இதே பொம்பளைங்க அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போது வாய் மூடவே மாட்டாங்க" என்று ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன். ஸயாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் நடந்தது. நாற்காலி இல்லை, பாய்தான். நடுவில் வெங்காய மூட்டை. நோயாளிகளை வீட்டில் விட்டுவர வேண்டியதில்லை, அவர்கள் மடியிலும் ஒரு தட்டுப் பருப்பு, கல் பொறுக்க. ஸயாமாவும் கத்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம் இல்லையா? ஒருத்தி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க மாமியார் ராவெல்லாம் என்னைத் திருடின்னு திட்டறாங்க" என்றாள். இன்னொருத்தி சட்டைக் கையை ஏற்றிப் பல் தடத்தைக் காட்டினாள். யார் அழுதாலும் வெங்காயத்தின் மேல் பழி. தமிழ்ப் பெண்களிடம் புருஷன் பேர் கேட்பதை விட்டுவிட்டு, மூத்த அண்ணன் பேர் கேட்கவும் ஸயாமா பழகிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஆம்பளை ஊலே, ஸயாமாவை விட்டால் ஒரே பர்மாக்காரரும் அவர்தான். நேர்த்தியாக உரிப்பார், ஆனால் மெதுவாக. வாசலோரம் ஸயாமா ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்திருப்பார். அது நோயாளிகளுக்கு இல்லை, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. "நீங்க விழுந்தா ரெண்டு பேர் விழுந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். வரிசை நிற்கும். இவர் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லாரையும் முன்னால் விடுவார். அவர் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். ஒரு தடவை ஸயாமா அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தார். அழுத்தம் எக்கச்சக்கம். மாத்திரை கொடுத்து, சாப்பிட்டவுடன் போடச் சொன்னார். இவர் சாப்பிடுவதே அத்தை சாப்பிட்டு முடித்த பிறகுதான். அத்தை எப்போது முடிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு அந்தி நேரத்துப் பயம் வந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் அத்தை வீட்டுக்குள் நிற்கிற அந்த மனிதரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிடுவார். "யாருடி இந்த ஆம்பளை? எங்கண்ணன் வந்தா வெட்டிப் போட்டுடுவான், போகச் சொல்லு!" அன்பாக உண்மையைச் சொல்லுங்கள் என்று ஸயாமா எங்கேயோ படித்துவந்து சொல்லியிருந்தார். ஊலே தன் புதுத் தமிழில், "நான் உங்க புருஷன். இது நம்ம வீடு" என்றார். அத்தை இன்னும் பலமாக அலறினார். கல்யாணமாகாத பெண்ணிடம் எவனோ வந்து அப்படிச் சொன்னால் அலறாமல் என்ன செய்வாள்? ஸயாமாவே, இனி அதைச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார்.

வழி கண்டுபிடித்தது ஊலேதான். எங்கள் ஊர் மாடிக் கட்டிடங்களில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே ஒரு கவ்வி. வந்தவர்கள் கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, கயிற்றில் சாவியை மாட்டி இறக்குவார்கள். மூன்று மாடி இறங்கி வர யாருக்கு முடியும்? அன்று அத்தை கத்தியதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அத்தையோடு இருந்தேன். சற்று நேரத்தில் மணி அடித்தது. அத்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பால்கனிக்குப் போய், கம்பி வழியாகப் பார்த்தார்.

"யாரு?"

"பஸ்காரன்!" என்று கீழேயிருந்து தமிழில் குரல் வந்தது.

"எந்தப் பஸ்ஸு?"

"கியாக்தான் பஸ்ஸு!"

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, கயிற்றை மேலே இழுத்து, கவ்வியில் மாட்டி இறக்கினார். என்னிடம், "வெயில்ல ஓட்டிக்கிட்டு வந்திருப்பாரு. சோறு வைக்கணும்" என்றார். ஊலே மூச்சு வாங்க மேலே வந்து, செருப்பை வெளியே விட்டு, வாசலோர நாற்காலியில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தார். தன் வீட்டுச் சோற்றை, "போதும், போதுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தியானால் இறங்குவார், இழுப்பார், காத்திருப்பார். கரண்ட் இல்லாத நாட்களில் இருட்டுப் படிக்கட்டில் தடவித் தடவி இறங்குவார். எனக்குப் பொறுக்காது. "இங்கேயே கதவைத் தட்டித் தொலைக்கக் கூடாதா ஊலே? இந்த வயசுல எத்தனை தடவை ஏறி எறங்குவீங்க?" என்று கத்துவேன். அவர் சொன்னார், "கதவுக்கு வெளியே ஒருத்தன் வந்து நின்னா பயமா இருக்கும் தமீ. கீழ நின்னா, மேல இருந்து நல்லாப் பார்த்து, வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ல?" சில நாள் அத்தை வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். மழையில் குடையோடு அவர் அங்கேயே நிற்பார். எதிர் டீக்கடைக்காரர் ஒரு முக்காலி கொண்டுவந்து போடுவார். அதையும் வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். எல்லாரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊலே தண்ணீர் கொண்டுவர வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். அத்தை தலையை நிமிர்த்தினார். முகம் பளிச்சென்று ஆனது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, 'கோ' போட்டு, அவர் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார். வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கணீரென்ற குரல்.

"கொஞ்சம் நில்லுங்க, இதோ வந்துட்டேன்!"

சின்னப் பெண்கள் கை தட்டிவிட்டார்கள். "ஞாபகம் வந்துடுச்சு! பேரு சொல்லிட்டாங்க!" என்று ஒருத்தி ஸயாமாவை உலுக்கினாள். ஸயாமா சந்தோஷமாகப் பாதி எழுந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. புருஷன் பெயரை அத்தை சொல்ல மாட்டார். சொல்லிவிட்டார் என்றால், அங்கே நடந்துபோகிறவர் அவர் புருஷன் இல்லை. கல்யாணமே நடக்கவில்லை, அந்த மூன்றாவது மாடி வீடே இல்லை. இருக்கிறதெல்லாம் ஒரு பஸ்ஸும் அதை ஓட்டுகிற ஒரு பையனும்தான்.

ஊலே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாளி கையில் இருந்தது. அவர் திரும்ப நேரமாயிற்று. திரும்பியபோது கண் சிவந்திருந்தது. அன்று நாங்கள் யாரும் வெங்காயத்தைச் சொல்லவில்லை.

"நிக்கிறேன்" என்றார் தமிழில். "மெதுவா வாங்க."

வீட்டுக்கு வந்து அத்தையைப் படுக்கவைத்துவிட்டு, படியில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கேட்டுட்டேன் தமீ" என்றார் பர்மிய மொழியில். "என்னைக் கூப்பிடலை. அவனைக் கூப்பிட்டா." பிறகு, "அவன் கொடுத்துவச்சவன். அவனுக்கு எல்லாமே இனிமேதான்" என்றார். "அந்தியாகுது ஊலே" என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு அத்தை தினமும் பெயர் சொல்லித்தான் சாவி இறக்கினார். அவரும் சவரம் செய்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் கீழே போய் நின்றார். டீக்கடைக்காரர் கேலி செய்தார். இவர் சிரித்தார்.

அடுத்த மழைக்காலம் ஆரம்பித்த நேரம். ஓர் அந்தியில் மணி அடித்தது, அத்தை சாவியை இறக்கினார், சோறு எடுத்து வைத்தார். அவர் மேலே வரவில்லை. நான் இறங்கிப் பார்த்தேன். கீழ்ப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சாவி கையில் இருந்தது. கடைசியாக அவரை உயிரோடு பார்த்தவர் எங்கள் கட்டிடத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். படியில் ஏறப்போன ஊலே, கேனைத் தோளில் வைத்திருந்தவரைப் பார்த்ததும் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க" என்றாராம்.

மடைப்பள்ளியில் ஒருத்தி, "பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். கத்தியைத் தட்டில் வீசிவிட்டு அவளை நான் வாங்கிய வாங்கில், ஸயாமா வந்து என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பெயரைக் கேட்டதனால் அவர் செத்துப்போகவில்லை. அதைக் கேட்ட பிறகு இருந்த கொஞ்ச நாளில்தான் தினமும் தலை வாரிக்கொண்டார். ஸயாமா இப்போது வரிசை நிற்கவைப்பதில்லை. கருவியை எடுத்துக்கொண்டு பாய் பாயாக அவரே வந்து, வெங்காயம் உரிக்கிற கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றிவிடுகிறார்.

கியாக்தானிலிருந்து அத்தையின் தங்கை வந்து கூட இருக்கிறார். ஊலே போய்விட்டார் என்று ஆரம்பத்தில் அத்தையிடம் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே அழுதார். அந்தப் பாவம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஊலே இல்லாத அந்தக் கட்டிடத்தில் எனக்குத்தான் எதுவும் பிடிப்பதில்லை. கடை வரிசையில் யாரும் என் இடத்தைத் தானம் பண்ணுவதில்லை, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்து என்ன செய்ய?

அந்தியானால் அத்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. ஊலே எத்தனை வருஷம் கேட்டு நனைந்தார், இப்போது கீழே நின்று வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்தப் பெயர் அத்தையின் வாயிலேயே இருக்கட்டும் என்றுதான் நான் எழுதவில்லை.

"வரலையாடி? பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டு அத்தைக்குக் குரல் நடுங்க ஆரம்பிக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்குகிறேன். கீழே போய்க் கயிற்றை இழுக்கிறேன். மேலே மணி அடிக்கிறது.

"யாரு?"

"பஸ்ஸு நிக்குது அத்தை!" என்று கத்துகிறேன். "நீங்க வந்தாத்தான் எடுப்பாராம்!"

அத்தை கம்பிக்குள்ளிருந்து தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்க்கிறார். பிறகு சிரிக்கிறார். கை தலைக்குப் போகிறது.

"இன்னும் தலைகூடப் பின்னலடி. நிக்கச் சொல்லு."

"நிக்கிறாரு அத்தை. மெதுவா வாங்க."